நம் ஆலயச் சோலையும் இம்மண்ணின் மரங்களும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் போற்றும் நம் சமய மரபில் தலமரத்துக்கும் தனியிடம் உண்டு. மதுரைக்குக் கடம்பு, மயிலாப்பூருக்குப் புன்னை, திருவொற்றியூருக்கு மகிழம், சிதம்பரத்துக்குத் தில்லை. கோயில் எழும் முன்பே மரம் இருந்தது, மரத்தடியில் இறைவன் வெளிப்பட்டான், பின்னரே கல்லும் சுதையும் வந்தன என்பதே பெரும்பாலான தலபுராணங்கள் சொல்லும் முறை. இந்நாட்டுத் தோட்டப்புறக் கோயில்கள் பலவும் இம்முறையிலேயே தோன்றின. முதலில் ஒரு மரம், அதனடியில் ஒரு கல், ஒரு சூலம், ஓர் அகல்விளக்கு. கூரை பிறகு வந்தது. கோபுரம் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின் வந்தது.

நம் ஆலயம் தோட்ட நிலத்தினின்றும் இப்போதுள்ள இடத்துக்கு மாறியபோது விக்கிரகங்களை எடுத்து வந்தோம். மணியை எடுத்து வந்தோம். பழைய கருவறையின் செங்கற்கள் சிலவற்றையும் எடுத்து வந்தோம். அரசமரத்தை எடுத்து வர இயலவில்லை. புதிய வளாகம் நான்கு புறமும் வெயில். அங்கே என்ன மரம் நடுவது என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இரு வகைக் கருத்துகள் கேட்கின்றன. வேம்பும் வில்வமும் போன்ற நம் மரங்களையே நட வேண்டும் என்பது ஒன்று. நகராண்மைக் கழகமும் பள்ளிகளும் இப்போது ஊக்குவிக்கும் நாட்டு மரங்களை நடலாம் என்பது மற்றொன்று. முதற்கருத்தினர் இரண்டாவதைக் கேட்டதும், "அவை காட்டு மரங்களாயிற்றே, கோயிலுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு?" என்று வினவுகின்றனர்.

அவ்வுறவு மிகப் பழமையானது என்பதும், நம் மரங்கள் என்று நாம் கருதுவனவற்றுள் பல நாம் வருமுன்னரே இந்நாட்டில் நின்றுகொண்டிருந்தன என்பதும் வரலாறு அறிந்தோர்க்குப் புலனாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்காவிலிருந்து தொடங்குவோம். ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் அந்நகரை நிறுவிய அரசர் வேட்டைக்குச் சென்று ஒரு மரத்தடியில் நின்றபோது, சிறிய சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாகவும், அந்த மண்ணின் வீரத்தை வியந்த அரசர், நின்ற மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டதாகவும் செஜாரா மெலாயு கூறுகிறது. பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த கதை இது. ஆனால் அந்த மலாக்கா மரம் எது என்று கேட்டால் நம்மவருள் பலர் அறியார். அது நெல்லி! நெல்லியும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு வகையும் மலாய் மொழியில் மலாக்கா என்றே வழங்கப்படுகின்றன. நெல்லியைக் குறிக்கும் ஆமலகம் என்ற வடசொல்லோடு அப்பெயர் உறவுடையது என்பர். துவாதசியன்று விரதம் முடிக்கத் தேடும் நெல்லிக்காயின் பெயரைத்தான் இந்நாட்டின் பழம்பெரும் நகரம் தாங்கி நிற்கிறது.

பினாங்கின் பெயர் பாக்கைக் குறிப்பது என்பது பலரும் அறிந்ததே. தாம்பூலத் தட்டில் பாக்கு இல்லாமல் நமக்கு எச்சடங்கும் இல்லை. அத்தீவிலேயே இன்னொரு செய்தி உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன் அமைந்துள்ள இடத்துக்கு, அக்காலத்தில் தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா லாவுட் என்னும் கடற்கரை மரங்கள் அங்கு மிகுந்திருந்தமையால் வந்த பெயர் அது. பெனாகா லாவுட் என்பது வேறன்று, புன்னையே. எனவே அம்முனையின் பெயரைத் தமிழில் புன்னைமுனை என்று சொல்லிவிடலாம். 1833இல் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்ததும் அந்நகரிலேதான். மயிலாப்பூரில் அம்பிகை மயில் வடிவெடுத்து எந்த மரத்தடியில் இறைவனைப் பூசித்தாள் என்கிறோமோ, அந்த மரம் வங்கக் கடலின் இக்கரையிலும் தானாகவே முளைத்து, தானாகவே பூத்துக்கொண்டிருந்தது. யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. அதன் காய் கடல்நீரில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கும் இயல்புடையது. மிதக்கும் காய்க்கு இக்கரை அக்கரை என்ற வேற்றுமை ஏது?

தில்லையின் செய்தி இன்னும் வியப்பானது. சிதம்பரத்துக்கு அப்பெயர் தந்த தில்லை, பிச்சாவரத்துக் கழிமுகச் சதுப்பில் வளரும் மரம். நம் மேற்குக் கரையின் சதுப்புநிலக் காடுகளிலும் அது வளர்கிறது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும் ஆதலால் மலாய்க்காரர் அதற்குக் குருடு என்று பொருள்படும் 'பூத்தா பூத்தா' என்று பெயரிட்டனர். சிறுவர்கள் ஓடியாடும் கோயில் வளாகத்தில் இதனை நடுவது தகாது. எனினும், படகில் செல்லும் அன்பர்கள் அம்மரத்தைக் கண்டால் அதுவே தில்லை என்று அறிந்து செல்லலாம்.

மகிழம்பூவை மலாய்க்காரர் 'புங்கா தஞ்சோங்' என்பர். தஞ்சோங் என்றால் நிலமுனை. கடலை நோக்கிய முனைகளில் இயல்பாக வளர்வது அது. சங்கிலியாரை மணந்த சுந்தரர், மகிழமரத்தின் கீழ்ச் சூளுரைத்த வரலாற்றைப் பெரியபுராணம் கேட்ட அன்பர்கள் அறிவர். விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் அம்மலர்கள் உலர்ந்த பின்னும் மணம் மாறாதவை. மதுரையின் வெண்கடம்பு இங்கே கெலெம்பாயான் எனப்படுகிறது. விரைந்து வளர்வதால் மரத்தொழிலுக்காகப் பயிரிடுகின்றனர். பூவரசும் நம் கடற்கரைகளுக்கு உரியதே.

மரங்களைவிட ஆழமான உறவு மணத்தில் இருக்கிறது. ஆலயத்துள் நுழைந்ததும் நம்மை எதிர்கொள்ளும் நறுமணத்துக்குக் காரணமானவை எவை? கற்பூரம், சாம்பிராணி, அகில். இம்மூன்றுக்கும் இப்பகுதியின் காடுகளோடு தொடர்புண்டு.

தீர்த்தத்தில் இடும் பச்சைக் கற்பூரம் முற்காலத்தில் காப்பூர் என்னும் மாபெரும் மரத்தின் உள்வெடிப்புகளில் படிந்திருந்த வெண்படிகம். சுமத்திரா, போர்னியோ, தீபகற்பத்தில் ஜொகூர், பகாங், திரெங்கானுவின் கிழக்குக் கரைக் காடுகள் ஆகியனவே அம்மரத்தின் தாயகம். சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னும் துறைமுகம் கற்பூர வணிகத்தால் அரபு நாடு வரை புகழ் பெற்றிருந்தது. அங்கே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது அது. தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் வந்ததற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் இங்குள்ள மரங்களைத் தேடி வந்துள்ளனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

எல்லாக் காப்பூர் மரத்திலும் கற்பூரம் இராது. வெட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது. எனவே கற்பூரம் எடுக்கச் செல்லும் ஜொகூர்ப் பழங்குடியினர் காட்டில் இருக்கும் வரை அன்றாடச் சொற்களைப் பேசாமல், அதற்கெனவே வைத்திருந்த வேறு மொழியைப் பேசினர். 'பந்தாங் காப்பூர்' என்று அதனைக் குறிப்பிடுவர். வழக்கமான சொற்களைப் பேசினால் மரத்தின் தெய்வம் கற்பூரத்தை மறைத்துவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை. நாம் ஒரு நொடியில் ஏற்றி அணைக்கும் பொருளுக்காக அவர்கள் பல நாள் விரதம் காத்தனர்! இன்று கடையில் வாங்கும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. அதில் காடும் இல்லை, விரதமும் இல்லை.

அகிலின் நிலை கவலைக்குரியது. காராஸ் என்னும் மரம் காயப்பட்டுப் பூஞ்சணம் பற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள ஊறவைக்கும் பிசினே அகில். மலாயில் காஹாரு. அம்மரத்தின் அறிவியற்பெயரிலேயே மலாக்காவின் பெயர் சேர்ந்திருக்கிறது. விலை மிகுதியாதலால் திருட்டுத்தனமாக வெட்டி வெட்டி, காடுகளில் அது மிக அருகிவிட்டது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. நம் முன்னோர் தேடி வந்த நறுமணம், நம் காலத்தில் மறைந்து வருகிறது.

இனி, 'நம் மரங்கள்' என்று நாம் உறுதியாக நம்புவனவற்றைப் பார்ப்போம். சிவன் கோயில்களில் பெருமதிப்புப் பெற்ற நாகலிங்க மலரின் தாயகம் தென் அமெரிக்கா. மாலைகளில் மஞ்சளாகப் பொலியும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் பரவியது. கம்போஜா எனப்படும் பூமரமும் வெப்ப அமெரிக்க நாடுகளதே. 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்திகூட இம்மண்ணில் தானாகத் தோன்றியதன்று. இதனால் அவற்றின் பெருமை குன்றிவிடாது. இறைவன் திருமுன் வந்த மலருக்கு ஊர் கேட்பது நம் வழக்கமுமன்று. ஆனால் அமெரிக்க மலருக்குத் தந்த இடத்தைப் புன்னைக்குத் தர மறுப்பது முறையா என்பதே கேள்வி.

வேம்பும் வில்வமும் வேறு வகை. அவை மெய்யாகவே நம்மவர் கொண்டுவந்து போற்றிய செல்வங்கள். ஆயினும் வேம்பு நீர் தேங்கும் மண்ணில் நலியும். வில்வம் நன்கு காய்க்கத் தெளிவான வறட்சிக் காலம் வேண்டும். கெடாவிலும் பெர்லிசிலும் செழிப்பவை, மழை மிகுந்த தாழ்நிலங்களில் இலை வெளுத்து நிற்பதைக் காண்கிறோம். பூசைக்கு வேண்டிய அளவு மேட்டு நிலத்தில் ஒன்றிரண்டு நடுவதே அறிவுடைமை.

இங்கே பருவங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் மார்கழியில் பனியைத் தேடினால் கிழக்குக் கரையில் வெள்ளம். மாசியில் பின்பனியைத் தேடினால் மேற்குக் கரையில் புழுதி. இந்நாட்டில் பருவமே இல்லை, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே என்று சொல்வோரும் உளர். அது தவறு. பால்மரம் சீவிய நம் பெற்றோர் பருவத்தை நன்கறிந்திருந்தனர். தை பிறந்த பின் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிரும். காடே வெளிச்சமாகிவிடும். அப்போது பால் குறையும், கூலியும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் விடியற்கால மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது; அன்றும் கூலி போகும். அவர்களின் பஞ்சாங்கம் பால்வாளியில் இருந்தது. ரப்பரும் வந்தேறியே என்பது நினைவிருக்கட்டும். பிரேசில் விதையிலிருந்து வந்த நாற்றுகள் 1877இல் கோலகங்சாரை அடைந்தன. வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும் தன் தாயக வழக்கத்தை அது இன்னும் விடவில்லை.

மண்ணுக்குரிய மரங்கள் பருவத்தை இன்னும் நுட்பமாகக் காட்டுகின்றன. அங்சானா மரத்தைப் பாருங்கள். சில வாரம் வறண்டு, பிறகு ஒரு மழை பெய்ததும், மரம் முழுவதும் மஞ்சளாகப் பூத்து மறுநாளே உதிர்ந்து சாலையை மூடிவிடும். வள்ளியம்மையைக் காண வந்த முருகப் பெருமான் வேங்கை மரமாக நின்றாரன்றோ? அவ்வேங்கைக்கு அங்சானா உடன்பிறப்பு. தாவரவியலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளனர். பங்குனி உத்திரத்தை ஒட்டி அது பூக்கக் காணும் ஆண்டுகளில் முருகன் அடியார்களுக்கு வேறு சான்று வேண்டா. பூமருதும் வறட்சிக்குப் பின் ஊதா நிறத்தில் பூக்கும், மலாயில் புங்கோர்.

புறா ஆர்க்கிட் என்னும் சிறு செடியின் செய்தி இதனினும் அருமை. சாலையோர மரக்கிளைகளில் ஒட்டி வளரும் அதனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெருமழை பெய்து வெப்பம் சட்டென்று குறையும் நாளிலிருந்து எண்ணி ஒன்பதாம் நாள், அவ்வட்டாரத்திலுள்ள செடிகள் அனைத்தும் ஒரே காலையில் வெண்மையாகப் பூக்கும். மாலைக்குள் வாடும். நவராத்திரிக்கு ஒன்பது நாள் எண்ணும் நமக்கு இக்கணக்கு எளிதாக நினைவில் நிற்கும். ஆலய மரத்தில் இதனைக் கட்டி வைத்து, இடிமழை பெய்த நாளைக் குறித்துக்கொண்டு, ஒன்பதாம் நாள் சிறுவர்களை அழைத்துக் காட்டலாம். சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இயற்கையின் ஒழுங்கை அறிய இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

காப்பூர் போன்ற பெருமரங்களோ ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் வாளாவிருந்து, கடும் வறட்சிக்குப் பின் காடு முழுவதும் ஒருசேரப் பூத்து, சிறகுள்ள காய்களைச் சுழலவிடும். அடுத்த பூப்பு எப்போது என்று எந்தச் சோதிடரும் கணிக்க இயலாது.

புதிய வளாகத்து மண் கொட்டி நிரப்பிய செம்மண்ணாயிற்றே, அதில் நாட்டு மரம் வளருமா என்று ஐயுறுவோர் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை சென்று வரட்டும். ஈயம் தோண்டிப் பாழான நிலத்திலும் கைவிடப்பட்ட காய்கறித் தோட்டங்களிலும் 1926 தொடங்கி நட்டு உருவாக்கிய காடு அது. இன்று அங்கே காப்பூர் மரங்கள் வானளாவி நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் முடி மற்றொன்றைத் தொடாமல், இடையே ஆற்று வலைபோல வெளிச்சக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். மனிதர் கையால் நட்ட அக்காட்டை யுனெஸ்கோ 2025இல் உலக மரபுடைமையாக ஏற்றது.

இனி நடைமுறைக்கு வருவோம். தமிழகத்தில் ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பர். இங்கே மேற்குக் கரையில் ஆடி பெரும்பாலும் மழை குறைந்த காலம். கன்று நட ஏற்றதன்று. ஐப்பசி, கார்த்திகை மழை அங்கும் உண்டு, இங்கும் உண்டு; ஆகவே தீபாவளியை ஒட்டி நடுவதே பொருத்தம். தவறினால் சித்திரை மழை. ஐப்பசியில் நட்ட கன்று மூன்று மாதத்தில் வேர் பிடித்திருக்கும் வேளையில் வறட்சி தொடங்கும். தைப்பூசம் முதல் பங்குனி உத்திரம் வரை நாள்தோறும் நீர் விடவும், அடியில் சருகு மூடவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். திருவிழா ஏற்பாடுகளில் அனைவரும் மும்முரமாக இருக்கும் நாட்கள் அவையே. கன்றுகள் பட்டுப்போவதும் அப்போதுதான். காவடிக்குப் பொறுப்பாளரை எழுதும் பட்டியலிலேயே கன்றுக்கும் ஒரு பெயரை எழுதிவிடுவது நலம்.

எதனை நடுவது? காப்பூர் நம் இடத்துக்குப் பொருந்தாது. அறுபது மீட்டர் வளரும் மரத்தைக் கோபுரத்துக்கு அருகில் நட்டால் கோபுரம் சிறுத்துவிடும். கடம்பும் மிகப் பெரிதாகும். நெல்லிக்கு முழு வெயில் வேண்டும். மடைப்பள்ளிக்குப் பின்புறம் ஏற்றது. மகிழம் மெல்ல வளரும். நடுபவர் நிழலில் உட்காரும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். காராஸ் கன்றுகளை உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணைகளில் வாங்கலாம். காட்டிலிருந்து பிடுங்கி வருவது குற்றமும் பாவமுமாகும். என் விருப்பம் புன்னையே. ஆண்டு முழுவதும் பச்சை, பரந்த நிழல், வெண்மலர், மணம், காற்றைத் தாங்கும் உறுதி, முற்காலத்தில் விளக்கெரித்த எண்ணெய். ஓட்டோடு விதைத்தால் முளைக்க இரு மாதமாகும். ஓட்டை உடைத்துப் பருப்பை ஊன்றினால் மூன்று வாரத்தில் முளைக்கும்.

குறையும் உண்டு, மறைப்பதற்கில்லை. அதன் காய் உருண்டையானது, கடினமானது. ஓடு பதித்த தரையில் விழுந்தால் வயதானோர் கால் வழுக்கும். எனவே பிரகாரத்தில் நடலாகாது. மண் தரை வேண்டும், சுற்றிலும் ஏழெட்டு மீட்டர் இடமும் வேண்டும். அவ்வளவு இடம் நம் வளாகத்தில் எஞ்சியிருப்பது வடமேற்கு மூலையில் மட்டுமே. அங்கே தார் ஊற்றிக் கார் நிறுத்துமிடம் அமைக்கத் திட்டம் வரையப்பட்டுள்ளது. புன்னை கேட்பது நான்கு கார்களின் இடம். ஓடு உடைத்து ஊன்றிய ஆறு நாற்றுகள் அலுவலகத்தின் பின்புறம் பைகளில் முழங்கால் உயரம் வளர்ந்துள்ளன. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கார் நிறுத்துமிடம் ஏழாவது பொருளாக வருகிறது. உறுப்பினர்கள் அதுவரை இருந்து வாக்களித்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.